சலவை மையில் உன் பெரியம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி, போனில் நீ சொல்கிற "நல்லா இருக்கேம்மா" காய்ச்சல் அடிக்கும்போதும் அதே குரலில்தான் வருகிறது. போன வருஷம் நீ அனுப்பின, மையும் தாளும் பிரஷ்ஷும் வைத்த படம் வரைகிற பெட்டியைத் திறந்தாயா இல்லையா என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது திறந்துவிட்டேன். எப்படித் திறந்தேன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படி, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் உன் பெரியம்மா விஷயம். நானும் அவளும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று நான் சரியாகச் சொன்னதில்லை, ஏதோ சின்ன மனஸ்தாபம் என்று மழுப்பிவிட்டேன். காரணம் ஒரு படம். அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் முகத்தை மையில் வரைந்து சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்தது. என் வேலை உனக்குத் தெரியுமே, தண்ணீர் இலாகாவின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருஷம், பூமிக்கு அடியில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தவள். மெயின் குழாய்க்கு அரை மில்லிமீட்டர் பேனா, வீட்டு இணைப்புக்குக் கால் மில்லிமீட்டர் பேனா. அந்தப் பேனாவை அழுத்தினாலும் அதே கோடு, தொட்டும் தொடாமலும் இழுத்தாலும் அதே கோடு, கோபமாக இருந்தாலும் தலைவலியாக இருந்தாலும் அதே கோடுதான். அதற்காகவே செய்த பேனா அது, யார் போட்டாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், நாளைக்குப் பள்ளம் தோண்டுகிறவர் குழப்பமில்லாமல் படிக்க வேண்டும். பெரியம்மாவையும் நான் அந்தப் பேனாவால்தான் வரைந்தேன், கண்ணாடி மாதிரி வழவழப்பான தாளில். ஒரு சுருக்கத்தை விடவில்லை, கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சத்தை விடவில்லை, கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணி எண்ணிப் போட்டேன். அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று வேறு யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள், மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேக் வெட்டப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் போன் பண்ணினால் எடுக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்கும் வீம்பு வந்துவிட்டது, கண் வலிக்க வலிக்க வரைந்து கொடுத்ததற்கு இதுவா மரியாதை என்று நானும் விட்டுவிட்டேன். அப்பா நடுவில் புகுந்து சமாதானம் பண்ணப் பார்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு மூடி வைத்த பேனாவை நான் மறுபடி தொடவில்லை. உன் பெட்டி வந்தபோது அதை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்ததற்கு அதுதான் காரணம், உன்மேல் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் போன் வந்தது, பெரியம்மாவின் சலவைக் கடையில் துணி தேய்க்கிறவர். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், சிரிக்கும்போதுகூட இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காதவர். மெதுவான குரலில், "நான் சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஈரத்துல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல எலும்பு விட்டுப்போச்சு. மாவுக்கட்டு போட்டிருக்காங்க. ஒரு கையால கடையையும் பாத்துக்கிட்டு என்னையும் திட்டிக்கிட்டு ரொம்ப சிரமப்படறாங்க" என்றார். நான் போனை வைத்தேன். அப்பா பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "பஸ் ஒன்பதரைக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஒன்பதரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடைக்குள் நுழைந்தபோது பெரியம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று இடது கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள், எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தாள். ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். சரி, இதுவே போதும் என்று நான் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பத்து நாள் எங்கள் பேச்சு முழுக்கத் தேய்க்கிறவர் வழியாகத்தான் நடந்தது. "அவங்களை டீ குடிச்சிட்டு வேலை பாக்கச் சொல்லுங்க" என்று இவள் சொல்வாள், "சர்க்கரை போடாம குடுக்கச் சொல்லுங்க" என்று நான் சொல்வேன், அந்த மனுஷர் நடுவில் நின்று ஒருதரம் இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது, எனக்குத்தான் கழுத்து வலிக்குது" என்றார். இரண்டு பேரும் அவரவர் டீயைக் குடித்தோம்.

அங்கே எனக்கு இரண்டு வேலை. ஒன்று ரசீது, இன்னொன்று துணியில் எண் போடுவது. தங்கும் விடுதிகளிலிருந்து வருகிற விரிப்பும் தலையணை உறையும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று ஓரத்தில் மையால் எண் எழுதுவார்கள். அந்த மை ஒரு சின்னக் குப்பியில் இருக்கும், கெட்டியாக, தார் மாதிரி மணத்தோடு, சூடு பட்டால் துணியில் அப்படியே பிடித்துக்கொள்ளும், எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. எழுதுவதற்குப் பேனா கிடையாது, சீவின ஒரு மூங்கில் குச்சி, எத்தனையோ வருஷம் முக்கி முக்கி அதன் முனை பழைய பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி நைந்து போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆள் யாரும் வராத நேரம், குச்சியில் மிச்சமிருந்த மையை உதறுவதற்காகப் பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாளில் ஒரு இழுப்பு இழுத்தேன். முதலில் கொழுத்த பொட்டாக விழுந்து, அப்புறம் மெலிந்து, கடைசியில் தாளைச் சுரண்டிக்கொண்டு போய் நின்றது. நாலு விரல் நீளம்கூட இருக்காது, அதற்குள் அந்தக் கோடு பிறந்து வளர்ந்து முடிந்துபோனது. நிமிர்ந்து பார்த்தேன், பெரியம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஹேங்கர்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கொழுத்த பொட்டு அவள் பிடரி மாதிரியே இருந்தது. இன்னொரு தடவை முக்கினேன். தோள் வந்தது.

தம்பி, இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் பழைய பேனாவில் மை தீரவே தீராது, அதனால் நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் வரைந்துகொண்டே போகலாம். இந்தக் குச்சியில் ஒரு தடவை முக்கினால் கிடைப்பது கையளவு. அதை எங்கே செலவு பண்ணுவது என்று யோசிக்க வேண்டும். மறுபடி முக்கக் குப்பிப் பக்கம் திரும்பும் அந்த இடைவெளியில் நிமிர்ந்து ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளோ ஒரு இடத்தில் நிற்கிறவள் இல்லை. சங்கிலிக் கண்ணியை எண்ணுவதற்கெல்லாம் நேரமே கிடையாது, தோளா, இடுப்பில் ஊன்றின கையா, அந்த அதட்டலா, எது வேண்டுமோ அதற்கு மட்டும்தான் மை. முதல் நாள் வரைந்ததெல்லாம் எருமை மழையில் நிற்கிற மாதிரி இருந்தது, ஏனென்றால் அந்தத் தாளின் சொரசொரப்பான பக்கம் மையை உறிஞ்சிக்கொண்டு பூனை முடி மாதிரி ஓரமெல்லாம் கிளை விட்டது. பளபளப்பான பக்கத்தில் போட்டால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நின்றது. இரண்டுமே என் பேச்சைக் கேட்கிற தாள் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் என் பேச்சைக் கேட்கிற தாளில் மட்டுமே வேலை செய்தவளுக்கு, எதிர்த்துப் பேசுகிற தாள் ஒன்று கிடைத்ததில் ஒரு குஷி.

கஞ்சி விஷயத்தைக் கண்டுபிடித்தது தேய்க்கிறவர்தான். சட்டைக் காலருக்குக் கஞ்சித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நான் முனகுவதைப் பார்த்துவிட்டு, தாள்மேல் ரெண்டு பீச்சு பீச்சி இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். "துணி விறைப்பா நிக்கும்போது காகிதம் நிக்காதா" என்றார். நின்றது. கஞ்சி பட்ட இடத்தில் மை ஓடாமல் போட்ட இடத்திலேயே கோடாக நின்றது, படாத இடத்தில் எப்போதும்போல் கலைந்து பரவியது. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டோம். முகம் வருகிற இடத்துக்குக் கஞ்சி, முடி வருகிற இடத்துக்கு வேண்டாம், மாவுக்கட்டுக்கு இரட்டைக் கஞ்சி. காலையில் கடை திறந்ததும், "இன்னைக்குப் பேப்பருக்கு எவ்வளவு விறைப்பு?" என்று காதோடு கேட்பார். வரைந்ததையெல்லாம் தாள் உருளைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவள் கண்ணில் பட்டால் இன்னொரு நாலு வருஷம் என்று பயம்தான்.

பயந்த மாதிரியே நடந்தது. வாரா வாரம் வெள்ளைக் கோட்டுகளை வெளுக்கப் போடுகிற பல் டாக்டர் ஒருவர் அந்தக் கடைக்கு வாடிக்கை. ஒரு தடவை அவர் கோட்டில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது, பெரியம்மா தரையில் மண்டியிட்டுத் தேடினாள், கட்டுப்போட்ட கை ஒரு பக்கம் பறவை றெக்கை மாதிரி நீட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி நுனிக்கு இறங்கி, வாயில் அந்தப் பட்டனைத் திட்டிக்கொண்டே. அதை நான் குச்சியை எட்டே எட்டு தடவை முக்கி வரைந்திருந்தேன். மறுநாள் அந்தத் தாளைக் காணவில்லை. தேய்க்கிறவர் ஊரிலேயே கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரத்தில் ஏதோ கசங்கின தாள் என்று நினைத்து நன்றாகத் தேய்த்து, டாக்டரின் ஆறு வெள்ளைக் கோட்டுகளையும் அதிலேயே சுற்றிக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார். போகாத மை, வெள்ளைத் துணி, ஆறு கோட்டு. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை டாக்டர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பெரியம்மாதான் கல்லாவில் நின்றாள். நான் எழுந்து நின்றேன். அவர் அந்தத் தாளை மட்டும் விரித்துக் கல்லாமேல் வைத்தார். சூடு பட்டு மை இறுகிப் பிடித்திருந்ததால் கோட்டுகளில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை, அந்த மனுஷரின் இஸ்திரிதான் காப்பாற்றியது. டாக்டர் சொன்னார், "இதை என் கிளினிக்ல மாட்டிக்கலாமான்னு ஆசையா இருக்கு. ஆனா இதுல இருக்கிறது நீங்கதான்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. உங்களைக் கேக்காம மாட்டறது நியாயம் இல்லைன்னு எடுத்துக்கிட்டு வந்தேன்."

பெரியம்மா அந்தத் தாளை இடது கையால் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் பிடித்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார், கீழே வைக்கவும் இல்லை தேய்க்கவும் இல்லை. கடைசியில் பெரியம்மா, தாளைப் பார்த்துக்கொண்டே, ஆனால் என்னிடம்தான், "இது என் முதுகா?" என்றாள். ஆமாம் என்றேன். "இவ்வளவு பெரிசாவா இருக்கு?" என்றாள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பட்டன் கெடைச்சுதா இல்லையான்னு இதைப் பாத்தா தெரியலையே" என்றாள். "கெடைச்சுது அக்கா. பெஞ்சுக்கு அடியில" என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான், ஒரு பட்டனைப் பற்றி. பிறகு அவள் டாக்டர் பக்கம் திரும்பி, "மாட்டிக்கோங்க. பல்லு பிடுங்க வர்றவங்களுக்கு என் முதுகைப் பாத்தாவது தைரியம் வரட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் பின்னால் இருக்கிற கம்பிப் பக்கம் போனாள். யாரும் வாங்க வராத துணிகள் தொங்குகிற இடம் அது, வருஷக்கணக்கில் தொங்குகிற ஒரு கல்யாணக் கோட்டுகூட அங்கே உண்டு. அவற்றுக்கு நடுவிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தாள். நான் வரைந்த பழைய படம். சட்டத்தோடு உறை போட்டு, ரசீது எண் எழுதி, தேதி போட்டு, ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தாள். தூக்கி எறியவும் மனசு வரவில்லை, வீட்டில் வைக்கவும் மனசு வரவில்லையாம். மேசைமேல் வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். "சுருக்கத்துக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சியா? தெனம் கண்ணாடி பாக்கிறவதானே நான். இதைப் பாத்ததும், இவ என்னை மீட்டர் ரீடிங் எடுத்திருக்கா, ஒரு பாசமும் இல்லாம எடுத்திருக்கான்னு தோணிடுச்சு. அதைக் கேக்கிறதுக்கும் வெக்கமா இருந்தது" என்றாள். ஆறு வாரம் உட்கார்ந்தேனே அக்கா என்று வாயெடுத்தேன், ஆனால் படத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரி. மச்சமும் கண்ணும் ஒரே பருமன், வாயும் சங்கிலியும் ஒரே பருமன், எது எனக்கு முக்கியம் என்பது அந்தப் படத்தில் எங்கேயுமே இல்லை. பாசம் இருந்ததடா, அந்தப் பேனாவுக்கு அதைத் தாளில் இறக்கத் தெரியாது, அந்த வழவழப்பான தாளுக்கு அதை வாங்கவும் தெரியாது. நான் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாலு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, கண்ணுல தூசி" என்றாள். அந்தக் கடையில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உன் பெட்டியை இறக்கினேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றார், அதையும் குறித்துக்கொள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். உன் தாளை எடுத்து விரித்தேன், அவ்வளவு தடிப்பு, அவ்வளவு வெள்ளை, பாழாக்கிவிடக் கூடாது என்ற பயம். அவளும் சும்மா இருக்கவில்லை, நன்றாக உடுத்திக்கொண்டு தலை வாரிக்கொண்டு அடையாள அட்டைக்கு உட்கார்கிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்த இரும்பு முள் பேனாவை எடுத்துப் பதுங்கிப் பதுங்கி வரைந்தேன், முள் அந்தத் தாளின் நாரில் மாட்டி மாட்டித் தெறித்தது. முடித்துக் காட்டினேன். "மறுபடியும் மீட்டர் ரீடிங்" என்றாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம், ஆனால் எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், நல்ல சாமான் என் கைக்கு ஒத்து வராது போலிருக்கிறது என்று. அப்போது அவள் ஒரு வேலை செய்தாள். ஒரு புதுத் தாளை எடுத்து, கடைக்கு வருகிற துணியைப் பார்க்கிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "இது மரத்தூள் காகிதம் இல்லடி. பருத்தி. நல்ல கெட்டிப் பருத்தி. இது தண்ணி குடிக்கிற சாதி, நீ இதை ஊசியால கீறிக்கிட்டு இருக்க. இதுக்கு மொதல்ல தண்ணி குடு" என்றாள். சொல்லிவிட்டு, கெட்டியான மேசை விரிப்பைத் தேய்ப்பதற்கு முன்னால் எப்படி ஈரம் காட்டுவார்களோ அப்படியே, தாளுக்குத் தண்ணீர் தெளித்து ஒரு துண்டில் சுற்றி, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்தபடி பக்கத்து வீட்டுக்காரியின் மருமகன் கதையைச் சொல்லி முடித்தாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள், தாள் சாதுவாகிப் பூனைக்குட்டி மாதிரி கிடந்தது. நான் முள்ளை வைத்துவிட்டு நீ அனுப்பியதில் பெரிய பிரஷ்ஷை எடுத்தேன்.

அந்தப் படத்தை உனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், ஆனால் நேரில் பார்ப்பது வேறு. ஈரம் நிறைய இருந்த இடத்தில் அவள் முடி நீராவி மாதிரி மேலே கலைந்து போயிருக்கிறது, அதை நான் செய்யவில்லை, மை வைத்தேன், மீதியைத் தாள் பார்த்துக்கொண்டது. ஓரம் காய்ந்துவிட்ட பக்கத்தில் தாடைக்கோடு கத்தி மாதிரி வந்திருக்கிறது. கடைசியில் பிரஷ்ஷில் மை ஏறக்குறைய இல்லாமல் போனபோது அதை அழுத்தி இழுத்தேன், தாளின் மேடுகளில் மட்டும் பட்டு, இத்தனை வருஷம் சுடுநீரிலும் சோப்பிலும் கிடந்த அவள் விரல் தோல் அப்படியே தாளில் வந்துவிட்டது. கண் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று நிழலில் போய்விட்டது. மச்சம் இல்லை. அவள் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, "அதை விட்டுட்டியே" என்று குறைப்பட்டாள், பார்த்தாயா, எப்படியும் ஒரு குறை வேண்டும். ஆனால் அதை எடுத்துப்போய் வீட்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள், கம்பியில் இல்லை.

இனி சொல்லப்போவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். போன வியாழக்கிழமை, மறுநாள் மாவுக்கட்டைப் பிரிக்கப் போகிறார்கள். மத்தியானம் கடையில் நான் எண் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் வந்து குச்சியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு வலது கை வந்துட்டா நான் ரசீது மாதிரி வரைவேன். இன்னைக்கு இடது கையிலயே உன்னை வரைஞ்சிடறேன்" என்றாள். தேய்க்கிறவர் கஞ்சிப் பீச்சியை நீட்டினார், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பழுப்புத் தாளின் சொரசொரப்பான பக்கத்தை அப்படியே விரித்து, நின்றபடியே முக்கி முக்கிப் போட்டாள். இரண்டு முக்கு மூக்குக்கே செலவானது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது, காது கழுத்துக்கு இறங்கிவிட்டது, மை கிளை விட்டு என் தலைமுடியெல்லாம் மின்சாரம் அடித்த மாதிரி நின்றது. ஆனால் தம்பி, அது நான்தான், யார் பார்த்தாலும் சொல்வார்கள், வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்துவிட்டு சொல்லலாமா வேண்டாமா என்று நிற்கிற மாதிரி ஒரு முகம். நான் ஒன்றைக் கவனித்தேன், வரைந்து முடிக்கும் வரைக்கும் அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பார்த்து வரை அக்கா என்று சொன்னேன். அவள் குச்சியைக் குப்பியில் வைத்துவிட்டு, "எதுக்கு? நாலு வருஷமா இந்தக் கதவு தெறக்கிற ஒவ்வொரு தடவையும் இந்த மூஞ்சிதான் வருதான்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, அடுத்து வந்தவரிடம் சட்டை எத்தனை என்று கேட்கப் போய்விட்டாள்.

கையில் கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, தினம் மென்மையான பந்தைப் பிடித்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போகிறேன், உதவிக்கு என்று சொல்லிக்கொள்கிறோம். அப்பாவுக்கு இதில் மெத்தச் சந்தோஷம், அந்த மூன்று நாளும் சமையலறை அவர் ராஜ்ஜியம், எந்தப் பாத்திரம் எங்கே என்று இப்போது நான்தான் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. பின்பக்கத்துச் சுவரில் ஒழுகினதை அடைத்தாயிற்று. நீ ஈரக் காலணியோடு வேலைக்குப் போவதாக மருமகள் சொன்னாள், இரண்டு ஜோடி வைத்துக்கொள், ஒன்றைக் காயப்போட்டு ஒன்றைப் போடு. கம்ப்யூட்டரை நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணை வருஷத்துக்கு ஒருதரம் சோதித்துக்கொள். மருமகள் சொல்கிற பேச்சைக் கேள், அவள் உன்னைவிட விவரமானவள்.

உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல், செய்கிற வேலையில் பேரெடுத்து, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாகப் பல்லாண்டு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசியும். மறந்துவிடாதே, வருகிற ஞாயிறு பெரியம்மாவுக்குப் போன் பண்ணு, மத்தியானம் பண்ணினால்தான் எடுப்பாள், தூசி என்று சொன்னதை நான் எழுதினதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. முடிந்தால் பிரஷ் இன்னும் இரண்டு அனுப்பு, தாள் அனுப்பினால் அவளே தடவிப் பார்த்துத் தேர்வு செய்வாளாம், அதனால் முதலில் துண்டு துண்டாக மாதிரி அனுப்பச் சொல்கிறாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா